நூற்று நாற்பத்தேழில் கூட்டம்

அவளை ஆஸ்பத்திரியில் எல்லோரும் மெல்லிசு என்றுதான் கூப்பிட்டார்கள். எடை தொண்ணூற்று நான்கு கிலோ. அவள் ஏறினால், கடைசியாக ஏறியவரை லிஃப்ட்காரர் ஒரு பார்வை பார்ப்பார். அந்த ஆள் தானாகவே இறங்கிவிடுவார். ஆனால் அவள் சீவுகிற சதைத் துண்டின் கனம் ஒரு மில்லிமீட்டரில் முன்னூறில் ஒரு பங்கு. பக்கத்தில் நின்று பெருமூச்சு விட்டால் போதும், துண்டு போன இடம் தெரியாது. அதனால்தான் அந்தப் பேர் என்று அவள் சொல்வாள். லிஃப்டினால் என்று லிஃப்ட்காரர் சொல்வார்.

ஆபரேஷனில் வெட்டி எடுத்த சதை மருந்தில் ஊறி, மெழுகில் புதைந்து, பாதித் தீப்பெட்டி அளவு பிளாக்காக அவள் மேஜைக்கு வரும். அதை மெஷினில் மாட்டிச் சக்கரத்தைச் சுற்றுவாள். மெழுகோடு சேர்ந்து சதை நாடா நாடாவாக வரும். அதை வெந்நீர்த் தொட்டியில் மிதக்கவிட்டால் சுருக்கம் போகும். கண்ணாடி ஸ்லைடால் தண்ணீருக்கடியிலிருந்து அள்ளி எடுத்து, சாயம் ஏற்றி, டாக்டரிடம் அனுப்ப வேண்டும். டாக்டர் அதைப் பார்த்து ஒரு மனிதரின் தலையெழுத்தைச் சொல்வார். தலையெழுத்தை மெலிசாகச் சீவிக் கொடுப்பது இவள்.

இதை இருபத்திரண்டு வருஷமாக நிலவறையில் செய்துகொண்டிருந்தாள். ஒரு பக்கம் பாய்லர் அறை. மறு பக்கம் பிணவறை. ஒரு பக்கத்து வீட்டுக்காரர் வாயே மூடமாட்டார், இன்னொருவர் வாயே திறக்கமாட்டார் என்று சொல்லிக்கொள்வாள். ஜன்னல் கிடையாது. மின்விசிறி உண்டு, ஆனால் போட முடியாது. போட்டால் யாருடைய இரைப்பையோ பறந்து போய் யாருடைய காபியிலோ விழும். மெழுகு உருக்கும் அடுப்பு, வெந்நீர்த் தொட்டி, பாய்லர், அவள். நான்கும் சூடு. மதியத்துக்குள் அவள் ஜாக்கெட் முதுகு நனைந்துவிடும்.

இரண்டாம் மாடியில் பழைய ஃபைல்கள் அடைத்திருந்த அறை ஒன்று அந்த வருஷம் காலியானது. அதில் ஒரு ஜன்னல் இருந்தது. சுவரின் பாதியை அடைக்கிற ஜன்னல். மெல்லிசு ஏதோ காரணம் சொல்லி மாடி ஏறிப் போய் அதைப் பதினோரு தடவை பார்த்துவிட்டு வந்தாள். பன்னிரண்டாவது தடவை போனபோது டயட் மேடம் உள்ளே டேப்பை வைத்து அளந்துகொண்டிருந்தாள். நோயாளிகளுக்கு எதைச் சாப்பிடக் கூடாது என்று சொல்வது அவள் வேலை. குச்சி மாதிரி இருப்பாள். குச்சிக்கு மூக்குக்கண்ணாடி போட்ட மாதிரி.

"என்ன மெல்லிசு, மாடியெல்லாம் ஏறுற? எக்சர்சைஸா? நல்லது, நல்லது."

"ஆமா மேடம். நீங்க என்ன, சுவருக்கு டயட் போடுறீங்களா?"

"அறை எனக்குத்தான் கிடைக்கும்னு பேசிக்கிறாங்க."

"யாரு பேசிக்கிறாங்க?"

"நான்தான்."

அறை யாருக்கு என்பதை மூன்று பேர் கமிட்டி முடிவு செய்யும். ஒரு வியாழக்கிழமை இரண்டு பிரிவுகளும் வந்து தங்கள் வேலையின் பெருமையைச் சொல்ல வேண்டும். மெல்லிசுவின் பிரிவுக்குப் பெருமை என்று சொல்லிக்கொள்ள அப்போது கையில் ஒன்றுதான் இருந்தது: சின்ன டாக்டரின் ஆராய்ச்சி.

சின்ன டாக்டருக்கு முப்பத்தொரு வயது. சந்தோஷம் வந்தால் ஸ்டூலில் சுற்றுவார். இரைப்பையிலும் உணவுக்குழாயிலும் வந்த புற்றுநோய்க் கட்டிகள் இருநூற்றுப் பன்னிரண்டை அவர் சேர்த்து வைத்திருந்தார். எல்லாம் ஒரே நோய் என்று வெளியே இருப்பவர்கள் நினைத்தாலும் உள்ளே அவை நாலைந்து சாதி. ஒவ்வொரு சாதியைச் சுற்றியும் உடம்பின் எதிர்ப்பு செல்கள் எப்படி நிற்கின்றன, எத்தனை நிற்கின்றன என்று எண்ணிப் பார்ப்பதுதான் ஆராய்ச்சி. சாயம் ஏற்றினால் அந்த செல்கள் பழுப்புப் புள்ளிகளாகத் தெரியும். கட்டியைச் சுற்றி அவர் கம்ப்யூட்டரில் ஒரு கோடு போடுவார். கோட்டுக்குள் இருக்கும் புள்ளிகளைக் கம்ப்யூட்டர் எண்ணும்.

சீவி, சாயம் ஏற்றி, முதலில் பார்ப்பது மெல்லிசு. அதனால் அவள் ஸ்லைடு அடுக்குகிற தட்டுகளுக்குத் தன் பாஷையில் பென்சிலால் பேர் எழுதி வைத்தாள். சின்ன டாக்டர் முதலில் சிரித்தார். ஒரு மாதத்தில் அவரும் அப்படியே பேச ஆரம்பித்தார்.

அவள் வீட்டுக்காரர் டெய்லர். பேண்ட் கால் குறைப்பது, ஜிப் மாற்றுவது. வீட்டின் முன்னறைதான் கடை. சாயங்காலம் அவர் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டு அவள் அன்றைய கதையைச் சொல்வாள்.

"இன்னிக்கு ஒரே சந்தை."

"என்ன சந்தை?"

"இரைப்பையில ஒரு சாதி இருக்குங்க. வைரஸால வர்றது. அதைச் சுத்தி எதிர்ப்பு செல்லு சந்தை மாதிரி நெரியும். உள்ள, வெளிய, சந்து, பொந்து, எல்லாத்துலயும்."

"அவ்வளவு பேரு இருந்துமா திருடனைப் பிடிக்கல?"

"திருடன் நடுவுல உக்காந்து, நானும் இந்த வீட்டு ஆளுதான்னு அடையாள அட்டை காட்டுறான்."

"நம்பிடுறாங்களா?"

"போன மாசம் ஒருத்தன் ஜிப்பெல்லாம் ஒரிஜினல்னு சொன்னப்போ நீங்க நம்பலையா?"

டெய்லர் நூலைப் பல்லால் கடித்தார். பிறகு கேட்டார்: "வேற சாதி?"

"ஒண்ணு இருக்கு. தன்னையே காப்பி எடுக்கும்போது தப்பும் தவறுமா எடுக்கும். அதைத் திருத்துற ஆளும் லீவு. தப்பு அதிகமாக அதிகமாக, இவன் நம்ம ஆளு இல்லைனு எல்லாருக்கும் தெரிஞ்சுபோகும். அங்கயும் கூட்டம்தான். இன்னொண்ணு காலி வீடு. கட்டி செல்லெல்லாம் ஒத்தை ஒத்தையா பிரிஞ்சு நார்க்குள்ள ஒளிஞ்சு போகும். எதிர்ப்பு செல்லு ரொம்பக் கம்மி. எங்கயாவது ஒரு மூலையில நாலு பேரு கூடி மீட்டிங் போட்டுட்டு இருப்பாங்க."

"முடிவெடுப்பாங்களா?"

"மீட்டிங்ல எங்கயாவது முடிவெடுத்துப் பார்த்திருக்கீங்களா? எல்லாத்தையும்விட அதிகமா வர்றது வாசல் கூட்டம். அதுலயும் ஆளு நிறைய வருவாங்க. வந்து வெளியவே நிப்பாங்க. உள்ள ஒருத்தனும் போகமாட்டான். உணவுக்குழாயோட கீழ்முனையில வர்றதும் அதே மாதிரிதான், அண்ணன் தம்பி மாதிரி. மேல தொண்டைப் பக்கம் வர்றது வேற குடும்பம். அங்க கூட்டம் இருக்கும், ஆனா தப்பான கூட்டம். வேலை செய்யறவனை அடக்கி உக்கார வைக்கிறதுக்குன்னே நாலு பேரு."

"எங்க சங்கத்துலயும் அப்படித்தான்" என்றார் டெய்லர்.

நூற்று நாற்பத்தேழாம் கட்டி உணவுக்குழாயின் கீழ்முனை. நியாயப்படி வாசல் கூட்டம். மற்ற கீழ்முனைகளில் கோட்டுக்குள் நூறு புள்ளி தேறுவதே கஷ்டம். கம்ப்யூட்டர் இதில் இரண்டாயிரத்து நூற்று நாற்பது என்றது. சின்ன டாக்டர் ஸ்டூலில் மூன்று சுற்றுச் சுற்றினார்.

"அக்கா! வாசல் உடைஞ்சிருக்கு! இது புது வகை!"

"ஒண்ணே ஒண்ணுதானே டாக்டர் இருக்கு?"

"எல்லாப் புது வகையும் முதல்ல ஒண்ணுதான் அக்கா."

இதற்குப் பதில் சொல்ல அவளுக்குப் படிப்புப் பத்தாது. பிரிவின் தலைவரான பெரிய டாக்டருக்குப் படிப்பு இருந்தது. ஆனால் அவர் எண்ணைப் பார்த்தாரே தவிர ஸ்லைடைப் பார்க்கவில்லை. எண் பெரிதாக இருந்தது. கமிட்டிக்குக் கொடுக்கும் தாளின் முதல் பக்கத்திலேயே 'புதிய வகை கண்டுபிடிப்பு' என்று பெரிய எழுத்தில் அச்சாகித் திங்கட்கிழமையே போய்விட்டது. "இனி ரூம் நம்மளுது" என்றார் பெரிய டாக்டர். மெல்லிசு வீட்டில் போய்ச் சொன்னாள். டெய்லர் ஜன்னலின் அகலம், உயரம் கேட்டார். அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை ஒத்திகை. நிலவறைச் சுவரில் ஜன்னல் எதுவும் குறுக்கிடாததால் புரொஜெக்டர் படம் நன்றாக விழுந்தது. மூன்று நாற்காலிகள். பெரிய டாக்டர் உட்கார்ந்ததும் தூங்கினார். சின்ன டாக்டர் பேசிக்கொண்டே போய் நூற்று நாற்பத்தேழைப் போட்டார். ஆள் உயரத்துக்குப் பழுப்புப் புள்ளிகள்.

மெல்லிசு அதைச் சுவர் அளவில் அன்றுதான் பார்த்தாள். கூட்டத்தின் ஓரத்தில் ஒரு பள்ளம் இருந்தது. வாத்துக் கழுத்து மாதிரி வளைந்து, முனையில் கொஞ்சம் அகன்று.

அந்த வாத்தை அவளுக்குத் தெரியும்.

சாயம் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று பார்க்க ஒவ்வொரு ஸ்லைடின் மூலையிலும் ஒரு துண்டு டான்சில் வைப்பது வழக்கம். டான்சிலில் எதிர்ப்பு செல்கள் கொட்டிக் கிடக்கும். அது பழுப்பானால் சாயம் நல்ல சாயம். யாரோ ஒரு எட்டு வயதுப் பையனுக்கு எடுத்த டான்சிலை மெழுகில் போட்டு இரண்டு வருஷமாக அவள் சீவிக்கொண்டிருந்தாள். அதில்தான் வாத்து இருந்தது. பெற்ற பிள்ளையின் மச்சத்தைக்கூட அவள் அவ்வளவு தடவை பார்த்ததில்லை.

டான்சில் மூலையில் இருக்க வேண்டும். வாத்து மூலையிலும் இருந்தது. கட்டியின் நடுவிலும் இருந்தது.

"எப்படி அக்கா?" என்றார் சின்ன டாக்டர். பேச்சைப் பற்றிக் கேட்டார்.

"நல்லா இருக்கு டாக்டர்" என்றாள்.

அவர் மாடிக்குப் போனதும் தன் நோட்டை எடுத்தாள். எந்த நாள் எந்த பிளாக் சீவினாள் என்று எழுதுகிற நோட்டு. நூற்று நாற்பத்தேழுக்கு எதிரே 'கத்தரிக்கோல்' என்று மட்டும் இருந்தது. ஞாபகம் வந்துவிட்டது. ஒவ்வொரு பிளாக்குக்கும் நடுவில் தொட்டித் தண்ணீரின் மேல் ஒரு காகிதத்தை ஓட்டி, மிதக்கிற துணுக்கையெல்லாம் எடுத்துவிட வேண்டும். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் அதை மறந்ததில்லை. அந்த நாள் டான்சிலைச் சீவி முடித்த நேரம் போன் அடித்தது. நிலவறையில் சிக்னல் கிடைப்பது தொட்டிக்குப் பக்கத்தில் மட்டும்தான். பேசினாள். பேசி முடித்து, காகிதம் ஓட்டாமல், நூற்று நாற்பத்தேழை மிதக்கவிட்டாள். பையனின் டான்சில் துணுக்கு ஒன்று மிதந்து போய்ப் பெரியவர் ஒருவரின் உணவுக்குழாய் மேல் ஏறிப் படுத்துக்கொண்டது.

அதுதான் புது வகை.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் முன்னறை முழுக்கத் துணி. டெய்லர் ஜன்னலுக்குத் திரை தைத்து முடித்திருந்தார். மிச்சத் துணிகளை ஒட்டுப் போட்டுத் தைத்தது. நீலம், காக்கி, ஒரு பள்ளிக்கூட யூனிஃபாரம் சிவப்பு, கட்டம் போட்டது ஒன்று.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குங்க" என்றாள். ஒரே நாளில் இரண்டாவது தடவை.

"லைனிங் கொடுத்திருக்கேன். வெயில் மூஞ்சியில அடிக்காது."

அவள் திரையை மடித்தாள். பிரித்தாள். திரும்ப மடித்தாள். மூஞ்சியில் வெயில் அடித்தால்தான் என்ன என்று இருந்தது.

"என்ன, வாயையே திறக்க மாட்டேங்கிற?"

"ஒண்ணுமில்ல. நீங்க மூணு மாசம் முன்னாடி ஒரு நாள் கத்தரிக்கோலைக் காணோம்னு போன் பண்ணினீங்களே."

"அது கிடைச்சுதே! கவலைப்படாத."

புதன்கிழமை காலை சீக்கிரம் போய் நூற்று நாற்பத்தேழை மறுபடி சீவினாள். போனைப் பாய்லர்காரரிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். தண்ணீரில் காகிதத்தை மூன்று முறை ஓட்டினாள். சாயம் ஏற்றி, கண்ணாடி மூடி ஒட்டி, மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். வாசல் கூட்டம். சாதாரணமான, சோம்பேறியான வாசல் கூட்டம். எல்லோரும் வெளியே நிற்க, உள்ளே ஒரு ஈ காக்கை இல்லை.

பழைய ஸ்லைடைக் கையில் எடுத்தாள். கை தவறிக் கீழே விழுந்தால் கண்ணாடி உடையும். உடைந்தால் யாரும் கேட்கமாட்டார்கள். ஸ்லைடு உடைவது சகஜம். ஆனால் படம் கம்ப்யூட்டரில் இருக்கிறது. அதைக் கை தவறிக் கீழே போட முடியாது. இன்னொரு வழி, பேசாமல் இருப்பது. பேசாமல் இருக்க ஒன்றும் செய்ய வேண்டாம். ஜன்னல் தானாக வரும். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து பேசாமல் இருந்து பார்த்தாள். ஆறு நிமிஷம் இருந்தாள். அதற்குள் சின்ன டாக்டர் வந்துவிட்டார்.

"டாக்டர், நூத்து நாப்பத்தேழு நம்ம டான்சில்."

"என்ன அக்கா?"

"அந்தக் கூட்டம் உணவுக்குழாயில வந்த கூட்டம் இல்ல. என் தொட்டியில வந்த கூட்டம். இதோ வாத்து. இதோ மூலையில இருக்கிற வாத்து. இது இன்னிக்குச் சீவினது. பாருங்க."

அவர் பார்த்தார். பழையதைப் பார்த்தார். புதியதைப் பார்த்தார். ஸ்டூலை விட்டு மெதுவாக இறங்கித் தரையில் உட்கார்ந்தார்.

"வேற யாருக்காவது தெரியுமா?"

"உங்களுக்கும் எனக்கும்தான்."

சின்ன டாக்டர் எட்டிக் கதவைச் சாத்தினார்.

"அக்கா, நாளைக்கு ஒரு நாள் மட்டும்..." என்று ஆரம்பித்தார்.

"நானும் அப்படித்தான் டாக்டர் நினைச்சேன். ஆறு நிமிஷம் நினைச்சேன். அப்புறம், இது அச்சுல வந்தா எங்கயோ ஒரு டாக்டர் படிப்பாரே. உணவுக்குழாய்க்காரர் ஒருத்தருக்கு வாசல் திறந்திருக்குன்னு நம்பி, எதிர்ப்பு செல்லுங்கிற போலீஸைத் தட்டி எழுப்புற மருந்தை ஏத்துவாரே. போலீஸ் எழுந்து எங்க போகும்? வாசல்லயேதானே நிக்கும்?"

சின்ன டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஒரு டான்சிலுக்கு நான் புது வகைனு பேர் வச்சிருக்கேன்."

"நல்ல டான்சில்தான் டாக்டர். சாயம் நல்லா பிடிச்சிருக்கு."

பெரிய டாக்டரிடம் சொன்னபோது அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, "மத்த இருநூத்துப் பதினொண்ணும் நம்மளோடதுதானே? அதைச் சொல்வோம்" என்றார்.

வியாழக்கிழமை. கமிட்டியில் சூப்பிரண்டு, கட்டட இன்ஜினியர், தலைமை நர்ஸ். டயட் மேடம் முதலில் பேசினாள். ஒரு தராசும், ஒரு ஜாடி எண்ணெயும் கொண்டுவந்து, அங்கிருந்தவர்கள் ஒரு மாதத்தில் குடிக்கிற எண்ணெய் இவ்வளவு என்று காட்டினாள். இன்ஜினியர் தன் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார். நல்ல வரவேற்பு.

அடுத்தது சின்ன டாக்டர். இரவெல்லாம் தூங்காத முகம். வைரஸ் வகையில் எதிர்ப்பு செல்கள் அடர்த்தி, காப்பிப் பிழை வகையிலும் அடர்த்தி, உணவுக்குழாயின் கீழ்முனை இரைப்பையின் பெரும்பான்மை வகையோடு ஒத்துப்போகிறது என்று ஒழுங்காகத்தான் தொடங்கினார். பயத்தில் நடுவழியில் நாக்கு மாறிவிட்டது.

"அதாவது சார், சந்தையில எல்லாரும் உள்ள இருக்காங்க, ஆனா ஏமாந்துட்டாங்க. காலி வீட்டுல ஆளே இல்ல, மீட்டிங் மட்டும் நடக்குது. வாசல் கூட்டத்துல..."

"இது எந்த வார்டு?" என்றார் சூப்பிரண்டு.

"வார்டு இல்ல சார். கட்டி."

"சரி. இந்தப் பேப்பர்ல முதல் பக்கத்துலயே புது வகை கண்டுபிடிச்சதா போட்டிருக்கே. அதைக் காணோமே?"

சின்ன டாக்டர் பெரிய டாக்டரைப் பார்த்தார். பெரிய டாக்டர் மெல்லிசுவைப் பார்த்தார். அவள் பக்கம் சாய்ந்து காதில் சொன்னார்: "எழுந்திரிச்சு ரூம் சூடுன்னு சொல்லும்மா. சூட்டுல துண்டு நழுவிடுச்சுன்னு சொல்லு. பொய்யில்லையே, சூடுதானே? அதுக்காகவே ரூம் கொடுத்துடுவாங்க."

மெல்லிசு எழுந்தாள். நாற்காலியும் கூடவே கொஞ்ச தூரம் எழுந்தது. நல்ல யோசனைதான். இந்தத் தப்பையே காரணம் காட்டி ஜன்னலை வாங்கிவிடலாம். ஒரு வாக்கியம் போதும்.

"நூத்து நாப்பத்தேழு தப்பு சார். அது கட்டியோட கூட்டம் இல்ல. டான்சில்."

"யாரோட டான்சில்?" என்றார் தலைமை நர்ஸ், தன் கழுத்தைத் தொட்டுக்கொண்டு.

"ஒரு பையனோடது. தொட்டியில மிதந்து வந்து மேல ஒட்டிக்கிச்சு."

"ஏன் ஒட்டுச்சு?" இன்ஜினியர் நிமிர்ந்தார். எந்த இயந்திரக் கோளாறும் அவருக்குப் பிடிக்கும். "கீழ ரொம்ப சூடாமே. அதனாலயா?"

பெரிய டாக்டர் மேஜைக்கடியில் அவள் காலை மிதித்தார்.

இருபத்திரண்டு வருஷம். வெளியே என்ன வெயிலோ, உள்ளே என்ன பாய்லரோ, ஒரு துண்டு அவள் கையில் சுருங்கியதில்லை, கிழிந்ததில்லை. சூட்டுக்குத் தோற்றேன் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அதுவும் டயட் மேடம் எதிரே.

"சூட்டுக்கெல்லாம் என் தண்ணி கலங்காது சார்" என்றாள். "என் வீட்டுக்காரர் போன் பண்ணினார். அந்தப் பேச்சுல தண்ணியைச் சுத்தம் பண்ண மறந்துட்டேன்."

"என்ன பேச்சு?"

"கத்தரிக்கோலைக் காணோம்னார்."

"எங்க இருந்தது?" என்றார் தலைமை நர்ஸ். அவருக்கு உண்மையிலேயே தெரிய வேண்டியிருந்தது.

"அவர் கழுத்துல. டேப்போட சேர்ந்து தொங்கிட்டு இருந்தது."

தலைமை நர்ஸ் தலையாட்டினார். அவர் வீட்டிலும் ஒரு கழுத்து இருந்திருக்க வேண்டும்.

"அப்ப நிலவறையால வேலைக்கு எந்தத் தொந்தரவும் இல்ல?" என்று சூப்பிரண்டு பேனாவைத் திறந்தார்.

"வேலைக்கு இல்ல சார். எனக்குத்தான்."

சூப்பிரண்டு முதல் பாதியை மட்டும் எழுதிக்கொண்டார்.

அறை டயட் மேடத்துக்குப் போயிற்று. நிலவறைக்கு ஒரு பலகை வந்தது: 'தொட்டி அருகே கைபேசி பேசக் கூடாது.' இன்ஜினியரே வந்து, சரியாக சிக்னல் கிடைக்கிற இடத்தில் ஆணியடித்து மாட்டினார்.

சின்ன டாக்டர் ஒரு வாரம் ஸ்டூலில் சுற்றவில்லை. பிறகு இருநூற்றுப் பன்னிரண்டையும் மறுபடி சீவிச் சரிபார்க்க வேண்டும் என்றார். மெல்லிசு சீவினாள். ஏழு வாரம் ஆயிற்று. இன்னும் இரண்டில் டான்சில் அகப்பட்டது. இரண்டும் வேலை கற்றுக்கொள்கிறேன் என்று சின்ன டாக்டர் தன் கையால் சீவியவை. இரண்டையும் துடைத்து அவர் மேஜையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தாள். அன்று அவர் அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

டெய்லர் மட்டும் சமாதானம் ஆகவில்லை. "தைச்சது தைச்சதுதான்" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏணியோடு வந்து, நான்கு நிறத் திரையை நிலவறையின் மொட்டைச் சுவரில் மாட்டிவிட்டுப் போனார். ஒருநாள் பெரிய டாக்டர் ஏதோ யோசனையில் அதை விலக்கிப் பார்த்துவிட்டு, சுவரைக் கண்டு, "ஓ" என்று திரும்ப மூடினார்.

அதற்கு அடுத்த வாரம் டயட் மேடம் நிலவறைக்கு இறங்கி வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"என்ன மேடம், இதையும் அளக்கணுமா?"

"இல்ல. மதியம் சாப்பாட்டுக்கு மாடிக்கு வர்றியா?"

"எதுக்கு? நான் சாப்பிடுறதை எண்ணவா?"

"ரெண்டாம் மாடிக்கு ஒருத்தரும் வர்றதில்ல மெல்லிசு. சாப்பிடாதேன்னு திட்டு வாங்க யாரு படி ஏறி வருவாங்க? காலையிலேர்ந்து நானும் அந்தத் தராசும்தான்."

"லிஃப்ட் இருக்கே?"

"லிஃப்ட்காரர் அங்க நிறுத்த மறந்துடுறாராம்."

சாயத்தில் ஸ்லைடுகள் ஊற இருபது நிமிஷம். மெல்லிசு கடிகாரத்தைப் பார்த்தாள். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு படியேறினாள்.

ஜன்னலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டிருந்தது. அகலமான நாற்காலி, எங்கிருந்தோ தேடிக் கொண்டுவந்திருக்க வேண்டும். மெல்லிசு உட்கார்ந்து வெளியே பார்த்தாள். ஒரு ஆம்புலன்ஸின் கூரை. அதில் சாய்ந்து நின்று டிரைவர் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். எதிர்க் கட்டடத்தில் மூன்று ஏசி பெட்டிகள் சொட்டிக்கொண்டிருந்தன. ஒரு பெண் மொட்டைமாடியில் போர்வையை உதறினாள். தூசி வெயிலில் எழுந்து கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. மெல்லிசு வாயில் வைத்த சோற்றை மெல்ல மறந்தாள்.

"மெதுவாத்தான் சாப்பிடுற. நல்ல பழக்கம்" என்றாள் டயட் மேடம். "ஆனா இவ்வளவு சோறு ஆகாது."

"நீங்க இந்த ஒத்தைத் தக்காளியை எவ்வளவு நேரம் மேடம் சாப்பிடுவீங்க?"

"இதுல ஒரு நாளைக்குத் தேவையான எல்லாம் இருக்கு."

"பல்லுக்கு வேலை மட்டும் இல்ல." மெல்லிசு தன் டப்பா மூடியில் பாதியைத் தள்ளி எதிரே வைத்தாள். டயட் மேடம் அதைத் தராசைப் பார்ப்பது மாதிரி பார்த்தாள். பிறகு சாப்பிட்டாள்.

மிச்சம் பதினொரு நிமிஷம் இருந்தது.

"ஜன்னலைத் திறக்கட்டுமா?" என்றாள் மெல்லிசு.

"திறந்தா என் பேப்பரெல்லாம் பறக்கும்."

"பறக்கட்டும். நான் பொறுக்கித் தர்றேன்."